லேப்டாப்புக்கு முன்னால் வருமானச் சான்று

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு மாமா எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தார். அவர் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். "கண்ணு, நாப்பதாயிரத்துக்குள்ள நல்ல லேப்டாப்பு எது? சீட்டு எடுத்திருக்கேன். இப்பவே வாங்கி வச்சிட்டா காலேஜு சேரும்போது ஒரு கவலை விட்டுச்சு பாரு" என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா ஒன்றும் பேசாமல் காப்பிப் பழச் சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். ஐந்து வருடத்துக்கு முன்னால் இதே நினைப்போடுதான் அவரும் மலையிறங்கினார்.

மாமாவிடம் சொன்னதை எல்லாம் இங்கே விரிவாக எழுதுகிறேன். இந்த வருடம் பிளஸ் டூ முடிக்கப்போகிற பிள்ளைகள் உள்ள வீட்டில் யாராவது படித்துக் காட்டினால் நல்லது.

எங்கள் வீடு ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் பக்கம். அப்பா, அம்மா இரண்டு பேரும் எஸ்டேட் வேலை. நான் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தேன். 2020-இல் பிளஸ் டூ முடித்தேன். கொரோனா வருடம். எங்களுக்கு முந்தைய செட் அக்கா அண்ணன்கள் பள்ளியில் அரசு லேப்டாப் வாங்கியிருந்தார்கள். 2011-இல் தொடங்கிய திட்டம், எங்கள் முறை வந்தபோது நின்றுபோயிருந்தது. கவுன்சலிங்கில் சேலத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தது. வகுப்பெல்லாம் ஆன்லைனில்தான் என்றார்கள். லேப்டாப் இல்லாமல் பிள்ளை பின்தங்கிவிடுவாள் என்ற பயம் அப்பாவுக்கு. அந்தப் பயத்தோடு கடைக்குப் போனால் யாராலும் நிதானமாகக் கேள்வி கேட்க முடியாது.

சேலத்தில் ஒரு கடையில் 36,500 ரூபாய்க்கு ஒன்றைக் காட்டினார்கள். புத்தம்புதிது, பெரிய திரை, ஒரு டிபி ஹார்டு டிஸ்க். ரேம், அதாவது வேலை ஓடும்போது பயன்படுகிற நினைவகம், மட்டும் 4 ஜிபி. "படிக்கிற பிள்ளைக்கு இது தாராளம்ண்ணா" என்றார் விற்பனைப் பையன். 6,500 கையில் கட்டினோம். மீதி 30,000-க்குப் பத்து மாதத் தவணை, வட்டி இல்லை என்றார்கள். வட்டி இல்லைதான். ஆனால் பிராசசிங் கட்டணமும் ஏதோ ஒரு இன்சூரன்சும் சேர்ந்திருந்ததை வீட்டுக்கு வந்து தாளைப் படித்த பிறகுதான் பார்த்தேன்.

அதைவிடப் பெரிய தவறு தேதி. தவணை எடுக்கிற நாள் மாதம் 2. அப்பாவுக்கு எஸ்டேட் சம்பளம் கணக்கில் விழுவது 10-ஆம் தேதி வாக்கில். காப்பிப் பறிப்பு நடந்த மாதங்களில் கூடுதல் காசு இருந்ததால் சமாளித்தோம். பறிப்பு முடிந்ததும் இரண்டு மாதம் தொடர்ந்து 2-ஆம் தேதி கணக்கில் பணம் இல்லை. ஒவ்வொரு முறையும் தவணை கொடுத்த கம்பெனி ஒரு அபராதம், வங்கி ஒரு அபராதம். அடுத்த வாரமே அப்பா கட்டிவிட்டார். கட்டியாயிற்றே, முடிந்தது என்று இருந்தோம். தவணை போடும்போதே "சம்பளம் வருகிற தேதிக்குப் பிறகு வையுங்கள்" என்று கேட்டால் பல இடங்களில் வைத்துத் தருவார்கள். அப்படிக் கேட்கலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது.

இனி அந்த லேப்டாப் கதை. எங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது. எஸ்டேட் ரோட்டில் கொஞ்சம் மேலே ஏறினால் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் இரண்டு கோடு வரும். நான் ஒரு குடை, ஒரு பிளாஸ்டிக் ஷீட், லேப்டாப், போன் எல்லாவற்றோடும் அங்கே போய் உட்காருவேன். நவம்பர், டிசம்பர் மாத மழையில் இது எப்படி இருந்திருக்கும் என்று மலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போனிலிருந்து நெட் எடுத்து, லேப்டாப்பில் வகுப்பைத் திறப்பதற்குள் பத்து நிமிடம் போய்விடும். திறந்தாலும் குரல் வரும், படம் நிற்கும். சிக்னல்தான் மோசம் என்று ஒரு மாதம் நினைத்திருந்தேன். ஒருநாள் போனிலேயே வகுப்பைப் பார்த்தேன், அதே இடத்தில் ஒழுங்காக ஓடியது. 4 ஜிபி ரேமும் பழைய வகை ஹார்டு டிஸ்கும் விண்டோஸ் 10-ஐச் சுமக்க முடியாமல் திணறியதுதான் காரணம்.

அப்போது அத்தை மகன் தன் பழைய அரசு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்தான். 2 ஜிபி ரேம். அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. லினக்ஸ் என்பது விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளம். பாஸ், சி-டாக் என்ற அரசு நிறுவனம் உருவாக்கிய இந்திய லினக்ஸ். சி புரோகிராம் எழுதி ஓட்டுவதற்கு அது என் புது லேப்டாப்பைவிட வேகமாக வேலை செய்தது. முதல் வருடப் புரோகிராமிங் முழுக்க நான் படித்தது அந்தப் பழைய பெட்டியில்தான். பாயிண்டர் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்த இரவு இன்னும் நினைவிருக்கிறது. கரண்ட் போய், பேட்டரி தீரப்போகிற நேரத்தில் விடை சரியாக வந்தது. 36,500 ரூபாய் பெட்டி பையிலேயே இருந்தது.

சரி, பணத்துக்கு வருகிறேன்.

முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கியதால் கல்விக் கட்டணத்தில் வருடம் 25,000 ரூபாய் கழிந்தது. கவுன்சலிங் மூலம் சேர்பவர்களுக்கு மட்டும்தான் இந்தச் சலுகை. மேனேஜ்மென்ட் சீட்டில் சேர்ந்தால் கிடையாது. என்னோடு படித்த ஒருத்தி வேறு பிரிவு வேண்டுமென்று கடைசி நேரத்தில் மேனேஜ்மென்ட் சீட்டுக்கு மாறினாள். சலுகை போனது அவளுக்குப் பணம் கட்டும் வரிசையில்தான் தெரிந்தது. இந்தச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விஏஓ, ஆர்ஐ விசாரித்து அனுப்புவார்கள். எங்கள் சித்தப்பா பி.ஏ. படித்தவர். "அப்ப உனக்குக் கிடைக்காது" என்று ஊரில் இரண்டு மூன்று பேர் சொல்லி நான் அழுதேவிட்டேன். சித்தப்பா கணக்கில் வரமாட்டார். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள், இவர்களில் யாரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஊர்ப் பேச்சைக் கேட்டு விண்ணப்பிக்காமலே விட்டுவிடாதீர்கள்.

சலுகை போக மீதிக் கட்டணம், தேர்வுக் கட்டணம், மற்ற செலவு. முதல் வருடம் அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. இரண்டாம் வருடத்துக்குக் கல்விக் கடன் கேட்பது என்று முடிவு செய்து, 2021 ஜூனில் வித்யா லட்சுமி தளத்தில் விண்ணப்பித்தேன். நான்கு லட்சம் வரை சொத்து ஜாமீன் வேண்டாம், நம் கையிலிருந்து ஒரு பங்கு போடவும் வேண்டாம். பெற்றோர் ஒருவர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட வேண்டும். நாங்கள் கேட்டது 1,80,000. பெரிய தொகை இல்லை என்பதால் சீக்கிரம் வந்துவிடும் என்று நம்பினோம்.

வங்கியில் அப்பாவின் சிபில் அறிக்கையை, அதாவது வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டினாரா என்று காட்டும் பதிவை, எடுத்துப் பார்த்தார்கள். லேப்டாப் தவணை இரண்டு முறை தவறியது அதில் இருந்தது. அப்பா வாழ்நாளில் வாங்கிய ஒரே கடன் அதுதான். அதனால் நல்ல பெயர் சொல்ல அதில் வேறெதுவும் இல்லை, அந்த இரண்டு கறை மட்டும் தெரிந்தது. கிளையில் இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. அடுத்த வாரம் வாங்க, கல்லூரி பக்கத்துக் கிளையில் கேளுங்க, மலைக் கிளையில் கேளுங்க என்று நான்கு மாதம். அப்பாவுக்கு ஒவ்வொரு நடையும் ஒருநாள் கூலி. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, மறுபடி ஏறி, வெறுங்கையோடு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்வார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறாது.

கடைசியில் எங்கள் துறைத் தலைவர்தான் வழி சொன்னார். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் நடக்கும், அங்கே மனு கொடு, மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர் என்று ஒருவர் இருக்கிறார், மனு அவரிடம் போகும் என்றார். விண்ணப்ப எண், தேதி, எந்தக் கிளைக்கு எந்த நாள் போனோம், என்ன சொன்னார்கள் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் கிளையிலிருந்து போன் வந்தது. நீங்களும் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். வாயால் சொல்கிற புகாரைவிடத் தேதி போட்ட ஒரு பக்கம் வேகமாக நகரும்.

கையெழுத்துப் போடும் நாளில்தான் அந்தக் கிளையில் புதிதாக வந்திருந்த மேடம் ஒருவர் என் தாள்களைப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர் சயின்ஸ்தானேம்மா? கம்ப்யூட்டருக்கும் சேர்த்துக் கேட்டிருக்கலாமே?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படிப்புக்குத் தேவை என்றால் நியாயமான விலையில் கம்ப்யூட்டர் வாங்கும் செலவும் கல்விக் கடனில் சேரும். கல்லூரிக் கட்டண விவரத்தோடு கடையிலிருந்து ஒரு கொட்டேஷன் வாங்கி இணைத்தால் போதும். நாங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டோம், அதற்குப் பின்னோக்கிக் கொடுக்க மாட்டார்கள். எந்த லேப்டாப் தவணையால் கடன் நான்கு மாதம் தள்ளிப்போனதோ, அதே லேப்டாப்பைக் கடனிலேயே வாங்கியிருக்கலாம். திருப்பிக் கட்டுவதும் படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான்.

அதே மேடம்தான் வட்டி மானியத்தையும் சொன்னார். பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தொழிற்கல்வி, தொழில்நுட்பப் படிப்பாக இருந்தால், படிக்கும் காலத்துக்கும் அதற்குப் பின் ஒரு வருடத்துக்கும் வட்டியை மத்திய அரசு ஏற்கும். கல்லூரிக்கு நாக் (NAAC) என்ற தர அங்கீகாரம், இல்லையென்றால் உங்கள் பிரிவுக்கு என்பிஏ (NBA) என்ற தர அங்கீகாரம் இருக்க வேண்டும். இதைக் கல்லூரி சேருவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இதற்கு வருமானச் சான்றை வங்கியில் தனியாகக் கொடுக்க வேண்டும். கடன் கோப்பில் ஒன்று இருக்கிறதே என்று இருந்துவிட்டால் மானியக் கணக்கில் பெயர் போகாமலே போகலாம். கொடுத்ததற்கு ஒப்புகையும் வாங்கி வையுங்கள்.

கடன் வாங்கப் போவதற்கு முன் அப்பாவோ அம்மாவோ யார் கையெழுத்துப் போடுகிறார்களோ அவர்களுடைய சிபில் அறிக்கையை எடுத்துப் பார்த்துவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கை இலவசம். கட்டி முடித்த நகைக்கடனோ, குழுக்கடனோ இன்னும் பாக்கி என்று இருந்தால் அதை முன்கூட்டியே திருத்தச் சொல்லலாம்.

2022 செப்டம்பரில் புதுமைப்பெண் திட்டம் வந்தது. ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். கல்லூரியில் விண்ணப்பித்தேன். தோழிகளுக்கு எல்லாம் மெசேஜ் வந்தது, எனக்கு மூன்று மாதம் வரவில்லை. கல்லூரியில் கேட்டால் பணம் போய்விட்டது என்கிறார்கள், வங்கியில் கேட்டால் வரவில்லை என்கிறார்கள். பிறகுதான் புரிந்தது. இப்படி அரசு நேரடியாகப் போடும் பணம் நாம் எழுதிக் கொடுக்கிற கணக்கு எண்ணைப் பார்த்துப் போவதில்லை, ஆதார் எந்தக் கணக்கோடு கடைசியாக இணைந்திருக்கிறதோ அங்கே போகும். எனக்கு ஒன்பதாவது படிக்கும்போது பள்ளியில் ஆரம்பித்துக் கொடுத்த ஒரு கணக்கோடு ஆதார் இணைந்திருந்தது. பாஸ்புக்கை அம்மாவின் டிரங்குப் பெட்டியில் தேடி எடுத்துக்கொண்டு போனேன். மூவாயிரம் ரூபாய் அங்கே பத்திரமாக இருந்தது. உங்கள் ஆதார் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்தில் ஒரு ஓடிபி போட்டுப் பார்த்துவிடலாம். இரண்டு வருடம் தொடாத கணக்காக இருந்தால் அதைச் செயலில்லாத கணக்கு என்று வைத்திருப்பார்கள், அதையும் சரிசெய்துகொள்ள வேண்டும்.

அந்தப் பணத்தோடு இன்னும் இரண்டு மாதப் பணம் சேர்த்து, சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு சர்வீஸ் கடையில் என் லேப்டாப்புக்கு 8 ஜிபி ரேமும், பழைய ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக வேகமான 256 ஜிபி எஸ்எஸ்டியும் போட்டேன். மொத்தம் 4,600 ரூபாய். இரண்டு வருடம் நான் திட்டிக்கொண்டிருந்த பெட்டி அரை நிமிடத்தில் எழுந்து நின்றது. போன் ஆப் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ ஓடியது. அதில்தான் கடைசி வருட புராஜெக்ட் முடித்தேன். இன்றுவரை அது ஓடுகிறது. சில மெல்லிய மாடல்களில் ரேமைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், பிறகு கூட்டவே முடியாது. வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

கடைசி இரண்டு வருடம் சேலத்தில் அரசு நடத்தும் பிற்படுத்தப்பட்டோர் மாணவியர் விடுதியில் இருந்தேன். சாப்பாடும் தங்குவதும் இலவசம். பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான் இப்படி விடுதி என்று பலர் நினைக்கிறார்கள். கல்லூரி மாணவர்களுக்கும் உண்டு. கல்லூரி விடுதிக்குப் பணம் கட்டுவதற்கு முன் மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலகத்தில் ஒருமுறை கேளுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கு அவர்கள் துறையின் விடுதிகள் தனியாக இருக்கின்றன.

இப்போது தம்பி. 2025-இல் கருப்பூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் சேர்ந்திருக்கிறான். முதல் பட்டதாரி சலுகை அவனுக்குக் கிடையாது, வீட்டில் நான் பட்டதாரி ஆகிவிட்டேன். ஆனால் அவன் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் போனான். பொறியியலுக்கு இந்த ஒதுக்கீடு வந்தது 2021-இல், நான் சேர்ந்ததற்கு அடுத்த வருடம். கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசு கட்டுகிறது. தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரமும் வருகிறது. எனக்கு ஒரு வருடம் முந்திப்போனதை நினைத்து வருத்தப்பட்ட காலம் உண்டு. அவன் சேர்க்கைக் கடிதத்தை அப்பா கையில் வாங்கிய அன்று அந்த வருத்தம் போய்விட்டது.

லேப்டாப் வேண்டும் என்று அவனும் கேட்டான். கேமிங் லேப்டாப், எழுபதாயிரம். மெக்கானிக்கலுக்கு கிராஃபிக்ஸ் கார்டு வேண்டுமே அக்கா என்றான். அவன் சொன்னது பொய் இல்லை, ஆனால் அது இப்போது வேண்டியதில்லை. இரண்டு பேரும் முதல் வருடப் பாடத்திட்டத்தை வரி வரியாகப் பார்த்தோம். கணிதம், இயற்பியல், வேதியியல், கையால் வரைகிற வரைபடம், கொஞ்சம் புரோகிராமிங். எல்லாவற்றுக்கும் கல்லூரி லேப் போதும். சீனியர்களிடம் கேட்கச் சொன்னேன். எந்த செமஸ்டரில் கேட் (CAD) மென்பொருள், அதாவது கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் சாலிட்வொர்க்ஸ், ஆட்டோகேட் மாதிரி மென்பொருள் வருகிறது, லேப் எத்தனை மணி வரை திறந்திருக்கும், லேபில் எந்தப் பதிப்பு இருக்கிறது, இந்த மூன்றும்தான் கேள்வி. சாலிட்வொர்க்ஸ் விண்டோஸில்தான் ஓடும். அதனால் மேக் பக்கம் போக வேண்டாம் என்பது உடனே முடிவாயிற்று. ஆட்டோகேட் மாணவர்களுக்கு ஆட்டோடெஸ்க் இலவசமாகத் தருகிறது, கல்லூரி மாணவர் என்று நிரூபித்தால் போதும். திருட்டுப் பதிப்பைப் போட்டு வைரஸ் வாங்கிக்கொள்ளத் தேவையில்லை.

இன்னொன்றும் உண்டு. 2025 மார்ச் பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப்போ டேப்லெட்டோ தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. அரசுக் கல்லூரியில் படிக்கிறவன் இதைத் தெரிந்துகொண்டே கடன் வாங்கி எழுபதாயிரம் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதுவரைக்கும் மாதாமாதம் வருகிற ஆயிரத்தில் ஐந்நூறைத் தனியாக வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

நடுவில் ஏதாவது வாங்கியே ஆக வேண்டும் என்றால் கம்பெனிகளில் பயன்படுத்திக் கழித்த பழைய லேப்டாப் வாங்கலாம் என்பது என் எண்ணம். கட்டுறுதியானவை, ரேமைக் கூட்டவும் முடியும். ஆனால் வருடத்தைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட, பிராசசர் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். ஐ5-8250 என்று இருந்தால் கோட்டுக்குப் பின்னால் வரும் 8 அதைச் சொல்லும். "ஐ7 சார், சூப்பர் மிஷின்" என்று நான்காம் தலைமுறையைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். கடையில் நின்று சார்ஜரைக் கழற்றிவிட்டு அரைமணி நேரம் ஒரு வீடியோ ஓடவிடுங்கள். பேட்டரியின் உண்மை அங்கேயே தெரிந்துவிடும். எல்லாச் சாவியையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

பி.காம்., பி.ஏ. படிக்கப் போகிறவர்களுக்கு 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் உள்ள எந்த லேப்டாப்பும் போதும். அதுவும் முதல் செமஸ்டரிலேயே வேண்டும் என்றில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகள் மட்டும் 16 ஜிபி வரை கூட்ட முடிகிற மாடலாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமாவிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, "மாமா, சீட்டுப் பணத்தை வங்கியிலேயே போட்டு வையுங்கள். வருமானச் சான்று புதிதாக எடுத்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். இல்லை என்றார். மகளுக்கு வங்கிக் கணக்கு இருக்கிறதா, ஆதார் எதோடு இணைந்திருக்கிறது என்றேன். அவருக்குத் தெரியவில்லை. உள்ளே போய் என் பழைய நீல ஃபைலை எடுத்து வந்தேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரி சான்று, டிசி நகல், வங்கியில் வாங்கிய ஒப்புகைகள் எல்லாம் வரிசையாக இருக்கும். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். "இதுல எது எங்களுக்கு இல்லையோ அத ஒரு தாள்ல எழுதிக் குடு கண்ணு" என்றார். எழுதிக் கொடுத்தேன். புதன்கிழமை அவருக்கு எஸ்டேட்டில் வேலை இல்லை. நானும் அரைநாள் லீவு சொல்லியிருக்கிறேன். காலை முதல் பஸ்ஸில் ஏற்காடு இ-சேவை மையத்துக்குப் போகிறோம்.